மரை வச்ச வண்டியா பாத்து எடு

சரவணா,

இந்தக் கவரை நான் ஒட்டலை. உன் சிநேகிதன் விக்கி கையிலதான் குடுத்து அனுப்பறேன், வழியில அவன் பிரிச்சுப் படிச்சா படிக்கட்டும். உங்க அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் படிச்சாலும் சரி, வீட்டுக்குள்ள ஒரு பிள்ளை கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கற எந்த அம்மா படிச்சாலும் சரி, மறைக்கறதுக்கு இனிமே என்கிட்ட ஒண்ணும் இல்லை. போன் பண்ணா எடுக்க மாட்டே. மெசேஜ் போட்டா படிச்சுட்டேன்னு நீலக் கோடு மட்டும் வரும். அதான் பேப்பரை எடுத்துட்டேன். பேப்பர்கிட்ட 'மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்'னு சொல்ல முடியாது பாரு.

போன வாரம் காலையில நான் ரசத்துக்குப் புளி கரைச்சிட்டிருந்தேன். போன்ல டிங்குன்னு சத்தம். கையைத் துடைச்சு, கண்ணாடியைத் தேடி மாட்டிப் பாத்தா உன் பேர். ரெண்டு போட்டோ. ரெண்டும் ரோடு பைக், குனிஞ்சு ஓட்டற வளைஞ்ச ஹேண்டில். ஒண்ணு கறுப்பு, பாத்தாலே கண்ணைப் பறிக்குது. இன்னொண்ணு சாம்பல் கலந்த நீலம், அடக்கமா நிக்குது. கீழ ஒரு வரி: 'மச்சி, இதுல எது எடுக்கலாம்?' நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே மூணும் அழிஞ்சு போச்சு. விக்கிக்கு அனுப்ப வேண்டியதை எனக்கு அனுப்பிட்டு, பதறிப் போய் அழிச்சிருக்கே.

நான் உனக்கு மச்சி இல்லைன்னு எனக்குத் தெரியும்டா. ஆனா உங்கப்பா போனதுலேர்ந்து இத்தனை நாள்ல நீ என்னைப் பாத்து ஒரு கேள்வி கேக்கலை. சாப்பிட்டியான்னு கேக்கலை, முட்டி வலி எப்படின்னு கேக்கலை. தப்பி வந்ததா இருந்தாலும் வந்தது இது ஒண்ணுதான். விட மாட்டேன், பதில் சொல்லிட்டுத்தான் மறு வேலை. நீல வண்டியை எடு. மரை வச்சது அதுதான். ஏன்னு சொல்றேன், நடுநடுவுல திட்டுவேன், அதையும் சேத்துப் படி.

கிண்டி எஸ்டேட்ல பித்தளை ஃபிட்டிங் செய்யற கம்பெனியில இன்ஸ்பெக்‌ஷன் டேபிள்ல உக்காந்தவ நான். உன்னை வயித்துல வச்சுக்கிட்டும் உக்காந்தேன், நீ காலேஜ் முடிக்கறவரைக்கும் உக்காந்தேன். வேலை ஒண்ணுதான், ஒவ்வொரு பீஸா எடுத்து மரை சரியா விழுந்திருக்கான்னு பாக்கறது. கேஜுன்னு ஒண்ணு குடுப்பாங்க. அதோட ஒரு முனை உள்ள போகணும், இன்னொரு முனை போகக் கூடாது. சரியா இருந்தா இந்த ட்ரே, இல்லாட்டி சிவப்பு பெயிண்ட் தொட்டு அந்த ட்ரே. உங்கப்பா கிண்டல் பண்ணுவார், 'ஊர்ல இருக்கற மரையெல்லாம் பாக்கறா, தனக்குக் கழண்டதைப் பாக்க மாட்டேங்கறா'ன்னு. நானும் சும்மா விட மாட்டேன், ஆஸ்பத்திரி லேப்ல ஊரார் ரத்தத்தைப் பாக்கறவருக்கு வீட்டுல யார் ரத்தம் கொதிக்குதுன்னு தெரியலைன்னு திருப்பிக் குடுப்பேன். இப்போ வீட்டுல வம்புக்கு இழுக்கக்கூட ஆள் இல்லை.

விக்கிக்குப் போன் போட்டேன். முதல்ல மழுப்பினான், அப்புறம் அடையார்ல எந்தக் கடைன்னு சொல்லிட்டான். அவனைத் திட்டாதே. பஸ் ஏறி, பாலம் தாண்டி இறங்கிப் போனேன். கண்ணாடிக் கதவு, உள்ள ஏ.சி., சுவர் முழுக்க சைக்கிளைத் தொங்கவிட்டிருக்காங்க. அங்க இருந்த தம்பி, 'சொல்லுங்க ஆன்ட்டி, பேரனுக்கா?'ன்னான். மகனுக்குன்னேன். 'ஹைட் எவ்ளோ இருப்பாரு?' அதுல மாட்டிக்கிட்டேன். நீ நிமிர்ந்து நின்னு நான் பாத்து எத்தனை காலம் ஆச்சு? போன மாசம் திதிக்கு வந்தப்போகூட கூன் போட்டுக்கிட்டுதான் இருந்தே. போன தடவை நான் உன் வீட்டுக்கு வந்தப்போ கதவை ஒரு சாண் திறந்து டிபன் கேரியரை வாங்கிக்கிட்டே, அந்தச் சாண்ல தாடியும் ஒரு கண்ணும்தான் தெரிஞ்சுது. அவங்கப்பாவை விட நாலு விரல் உசரம்னு சொன்னேன். அவங்கப்பா எவ்ளோன்னு கேட்டான். அங்க இருந்த ஸ்டூல்ல உக்காந்துட்டேன். நல்ல பையன், தண்ணி குடுத்தான்.

அப்புறம் ரெண்டு வண்டியையும் இறக்கிக் காட்டினான். ரெண்டு பெடல் கையும் வந்து சேர்ற இடம் இருக்கே, வண்டியோட அடிவயிறு, அதுக்குள்ளதான் அச்சும் பேரிங்கும் இருக்கு. பாட்டம் பிராக்கெட்டுன்னு அதுக்குப் பேராம். கறுப்பு வண்டியில அங்க விரலை வச்சுப் பாத்தேன், வழவழன்னு இருந்துச்சு. 'இது பிரஸ் ஃபிட் ஆன்ட்டி, பேரிங்கை அழுத்தி உள்ள ஏத்திடுவோம், மரை கிடையாது'ன்னான். நீல வண்டியில உள்ள மரை வெட்டி, ரெண்டு பக்கமும் பேரிங் இருக்கற கப்பைத் திருகி மாட்டியிருக்கு. 'நடுவுல எல்லாரும் பிரஸ் ஃபிட்டுக்குப் போனாங்க. ஓட்டை ஒரு முடி அளவு பிசகினாலும் மிதிக்க மிதிக்க டக்கு டக்குன்னு சத்தம். கஸ்டமர் திட்டித் தீத்துட்டாங்க. இப்போ பெரிய கம்பெனிங்களே மறுபடி மரைக்கு வந்துட்டாங்க'ன்னு சொன்னான். மரை வச்சதுல சத்தமே வராதான்னு கேட்டேன். 'வரும் ஆன்ட்டி, பொய் சொல்ல மாட்டேன். ஆனா கழட்டி, துடைச்சு, கிரீஸ் போட்டு மாட்டினா போயிடும்'னான். அந்தச் சத்தத்தைப் பத்தி அவனுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கும் உனக்கும் தெரியும்.

அதுக்கு வரத்துக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும், இல்லாட்டி இந்தக் கடிதம் பூரா ஒப்பாரியா போயிடும். உன் முதல் கியர் சைக்கிள்ல இடது பெடலைக் கழட்டறேன்னு நீயும் உங்கப்பாவும் மந்தைவெளி வீட்டு வாசல்ல குந்திக்கிட்டு காலையிலேர்ந்து மல்லுக் கட்டினீங்களே, ஞாபகம் இருக்கா? ஸ்பானர்ல இரும்புக் குழாயைச் செருகி அப்பனும் பிள்ளையும் தொங்கினீங்க. நான் கம்பெனியிலேர்ந்து வந்து பாத்தா, ரெண்டு பேரும் திருப்பறது தப்பான பக்கம். இடது பெடலுக்கு எதிர் மரைடா, நீங்க இறுக்கிக்கிட்டு இருக்கீங்கன்னு சொன்னேன். 'நீ பித்தளையைப் பாத்தவ, இது இரும்பு'ன்னார் உங்கப்பா. இரும்புக்கு ஒரு பக்கம், பித்தளைக்கு ஒரு பக்கமா மரை சுத்தும்? சொன்னா கேக்கற ஜாதியா நீங்க? கடைசியில மரை பிசுறு பிசுறா வந்து, பெடல் மாட்டற கிராங்கையே மாத்த வேண்டியதாப் போச்சு. இந்த நீல வண்டியில வலது பக்கக் கப்புக்கு எதிர் மரை. ஞாபகம் வச்சுக்கோ. கழட்டும்போது புத்தியை வச்சுக் கழட்டு, பலத்தை வச்சுக் கழட்டாதே.

அவர் ரிடையர் ஆனப்போ நீதான் ரோடு பைக் வாங்கிக் குடுத்தே. நான் சண்டை போட்டேன், இந்த வயசுல எதுக்கு இதெல்லாம், மெரினாவுல நடந்தா போதாதான்னு. நீ தி. நகர் போய் அந்த இறுக்கமான டவுசர் வேற வாங்கிட்டு வந்தே. அதைப் போட்டுக்கிட்டு அவர் கண்ணாடி முன்னாடி நின்னப்போ நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டம்மா எட்டிப் பாத்தாங்க. அதை மாடிக் கொடியில காயப் போட வேண்டாம், மானம் போகுதுன்னு நான் உள் ரூம்ல ஃபேனுக்கு அடியில காயப் போட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன், சர்க்கரை இறங்குச்சு, தூக்கம் வந்துச்சு, ஞாயித்துக்கிழமை காலையில நீங்க ரெண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்து வந்து ஆளுக்கு ஆறு இட்லி தின்னுட்டு, எவன் எவனை முந்தினான்னு பேசிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. என் வாழ்க்கையில அதை விட நல்ல காலம் இருந்துச்சான்னு யோசிச்சுப் பாக்கறேன், தட்டுப்படலை. அப்போ தெரியலை. இட்லி ஊத்தறதுல சலிப்புதான் தெரிஞ்சுது.

இப்போ அந்தச் சத்தத்துக்கு வரேன். உன் வண்டி பிரஸ் ஃபிட். கடையில ரெண்டு தடவை புதுசா அழுத்திக் குடுத்தும் மிதிக்கும்போது டக்கு டக்குன்னு அடிச்சுது. உங்கப்பாவுக்குத்தான் காது பாம்புக் காதாச்சே. வீட்டுல ஃபேன் கிறீச்சுன்னா தூங்க மாட்டார், உன் வண்டி பக்கத்துல எப்படி வருவார்? 'நீ முன்னாடி போடா, தலைவலி வருது, நான் பின்னாடி நிம்மதியா வரேன்'னு சொல்லுவார். அன்னிக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கார். நீலாங்கரை தாண்டி நீ முன்னாடி போய், டீக்கடையில ரெண்டு டீ சொல்லிட்டு, ஒண்ணு சர்க்கரை இல்லாமன்னு சொல்லிட்டு நின்னிருக்கே. டீ ஆறிப் போச்சு, அவர் வரலை. நீ திரும்பிப் போனே. தண்ணி லாரிக்காரன் கண் அசந்துட்டான். நீ என்ன பாத்தேன்னு நீயும் சொல்லலை, நானும் கேக்கலை.

ஆஸ்பத்திரி வராண்டாவுல நீ என் பக்கத்துல வந்து உக்காந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னே. 'என் வண்டி சத்தம் போடாம இருந்திருந்தா அப்பா என் கூடவே வந்திருப்பாரும்மா.' நான் உன்னைத் திரும்பிப் பாக்கலை. வாயைத் திறக்கலை. அதுக்கு அப்புறம் நீ அதைப் பத்தி யார்கிட்டயும் பேசினதா தெரியலை. அம்மாவும் ஒத்துக்கிட்டாங்கன்னு எடுத்துக்கிட்டே, இல்லையா?

உன் மேல எனக்குக் கோவமே இல்லைன்னு எழுதினா அது பொய். இருந்துச்சு. வண்டியை வாங்கிக் குடுத்தவன் நீ, அதிகாலையில கூட்டிட்டுப் போனவன் நீ. ராத்திரி படுத்தா உன்னையும் திட்டுவேன், அவரையும் திட்டுவேன், அந்த லாரிக்காரனைப் பெத்தவளையும் திட்டுவேன். திட்டித் திட்டி அது தேஞ்சு போச்சு. நான் உன்னைக் குத்தவாளின்னு நினைச்சது கிடையாது. கோவம் வேற, அது வேற.

காரியம் முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் நீ உன் வண்டியை எடுத்துத் துடைச்சுக்கிட்டு இருந்தே. கைக்கு ஒரு வேலை வேணும்னு துடைச்சிருப்பே. எனக்கு அதைப் பாக்கப் பொறுக்கலை. 'வருஷம் திரும்பறவரைக்கும் அதைத் தொடாதேடா, ஆகாது'ன்னேன். அப்படி ஒரு சாஸ்திரமே கிடையாது. தீட்டு வீட்டுல பண்டிகை கிடையாது, கல்யாணம் காட்சிக்குப் போகக் கூடாது, புதுசா எதுவும் வாங்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. பழைய சைக்கிளை ஓட்டக் கூடாதுன்னு எந்தப் பெரிய மனுஷனும் சொல்லி வைக்கலை. நானா சேத்தது அது. ஒரு வருஷம் தள்ளிட்டா ஆசை விட்டுப் போயிடும்னு கணக்குப் போட்டேன். நீயும் மறுபேச்சு பேசாம வண்டியை வராண்டாவுல சாத்திட்டு, வேளச்சேரிக்கு ரயில் ஏறிட்டே.

ஆசை விட்டுத்தான் போச்சு. வண்டி மேல இருந்தது மட்டும் போயிருந்தா பரவாயில்லை, அதோட சேந்து மத்த எல்லாம் போயிடுச்சு. வீட்டுலேர்ந்தே வேலை, சாப்பாடு வாசல்ல கொண்டாந்து வச்சுட்டுப் போறான், துணியை எவனோ வந்து எடுத்துட்டுப் போறான். வெளிய வரத்துக்கு உனக்கு ஒரு காரணமும் இல்லை. நான் பறக்கும் ரயில் பிடிச்சு வந்து, லிஃப்ட்ல ஏறி, பெல் அடிச்சுட்டு நிப்பேன். ஜன்னல் திரையெல்லாம் மூடியே கிடக்கும். பக்கத்து ஃபிளாட்டுக்காரங்க அங்க ஒருத்தர் குடியிருக்கார்ங்கறதையே மறந்துட்டாங்க. 'இந்த வீடு காலின்னுல்ல நினைச்சோம்'னு ஒருத்தி சொன்னா. அன்னிக்கு ரயில்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு மந்தைவெளி வரைக்கும் அழுதேன். உயிரோட இருக்கற பிள்ளையை நினைச்சு அழறது எப்படின்னு கூட எனக்குத் தெரியலை. செத்தவருக்கு ஒரு முறை இருக்கு, இதுக்கு என்ன முறை?

பட்டினப்பாக்கத்துல எனக்கு மீன் குடுக்கற மேரியைத் தெரியும்ல உனக்கு. அவகிட்ட ஒரு நாள் புலம்பிட்டேன். அவ மீனை அரிஞ்சுக்கிட்டே, 'இன்னாக்கா, புள்ள இன்னும் ரூமுக்குள்ளயே கீதா? எங்க நைனா கடல்லதான் போனாரு. எங்கண்ணன கடலாண்டயே வுடலியே எங்கம்மா. வூட்லயே குந்திக்கினு இருந்தான், அப்பால குடிக்க ஆரம்பிச்சான். பாத்துச்சு எங்கம்மா, தானே போய் வலைய எடுத்துக் குடுத்துச்சு'ன்னா. எனக்கு வந்துச்சே ஆத்திரம். 'உங்களுக்கு அது பொழப்பு. என் பிள்ளைக்கு சைக்கிளா சோறு போடுது?'ன்னு கேட்டேன். 'சோறு போடலக்கா. ஆனா இப்ப அது துன்ற சோறு உடம்புல ஒட்டுதா?'ன்னு கேட்டா. பையைப் பிடுங்கிக்கிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் ரொம்ப நாள் அவகிட்ட வாங்கலை. பக்கத்துல ஒருத்தி ஐஸ்ல கிடந்த மீனை என் தலையில கட்டினா, வீம்புக்கு அதையும் வாங்கிக் குழம்பு வச்சுத் தின்னேன்.

போன மாசம் வருஷம் திரும்புச்சு. நீ வந்தே, குளக்கரையில ஐயர் சொன்னதைச் சொன்னே, எள்ளும் தண்ணியும் விட்டே, இலையில உக்காந்து ரெண்டு வாய் சாப்பிட்டே, கிளம்பிட்டே. வராண்டாவுல போர்வை போத்தி நிக்கற உன் வண்டியைத் திரும்பிக்கூடப் பாக்கலை. சரி, நாம நினைச்சது நடந்துடுச்சுன்னு எனக்குள்ள ஒரு அல்ப நிம்மதி. அதுக்கு அப்புறம்தான் அந்த மெசேஜ். அப்போதான் எனக்கு உறைச்சுது. நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், நீ அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டு, வருஷம் எப்போ திரும்பும்னு அந்த இருட்டு ரூமுக்குள்ள காத்துக்கிட்டு இருந்திருக்கே. இத்தனை நல்ல பிள்ளையா இருந்து என் கழுத்தை அறுப்பேன்னு நான் நினைக்கலைடா.

அன்னிக்கு மத்தியானம் போர்வையை விலக்கி உன் வண்டியோட பெடலைக் கையால சுத்திப் பாத்தேன். சும்மா சுத்தினா ஒண்ணுமில்லை, பெடலைக் கீழ அழுத்தினா டக்குங்குது. அந்த வராண்டாவுல உக்காந்து எத்தனை தடவை அழுத்தினேன்னு தெரியாது. மரை இருந்திருந்தா நானே கழட்டி எடுத்திருப்பேன், இத்தனை வருஷம் பழகின கை. பிடிச்சுத் திருப்பறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லை. தடவிப் பாத்துட்டு எழுந்திரிச்சு வந்துட்டேன். நீல வண்டியை எடுன்னு நான் சொல்றது இதுக்காகத்தான். சத்தம் வராதுன்னு இல்லை, வரும். இந்தக் கடல் காத்துக்கும் ரோட்டு மணலுக்கும் வராம இருக்குமா. வந்தா கழட்டிப் பாக்கலாம், எந்த ஊர்லயும் எவன் கையிலயும் குடுத்துப் பாக்கலாம். தாங்கிக்கிட்டே ஓட்டணும்னு இல்லை. நீ எல்லாத்தையும் தாங்கிக்கிட்டே ஓட்டறவன்.

மத்ததையும் சொல்லிடறேன். டிஸ்க் பிரேக் ரெண்டு வண்டியிலயும் இருக்கு. நீல வண்டியில தடிச்ச டயர் போட இடம் விட்டிருக்கான், நம்ம மயிலாப்பூர்ல மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிப் போட்டிருக்கற ரோட்டுக்கு அது வேணும். கறுப்பு வண்டி கார்பன், எடை கம்மி. நீ எவனோட பந்தயம் விடப் போறே, எடை இருந்தா இருக்கட்டும். கீழ் பார்க்கிங்ல வைக்காதே, மழை வந்தா உங்க வேளச்சேரி என்ன ஆகும்னு உனக்கே தெரியும், முதல்ல தண்ணி ஏறறது இந்த அடிவயித்துலதான். வீட்டுக்குள்ள கொண்டு போய் வை. பின்னாடி சிவப்பு லைட்டு பகல்லயும் எரியணும். இவ்வளவும் எழுதறேன், ஆனா இதுல எதுவும் ஒரு லாரியை நிறுத்தாதுன்னும் எனக்குத் தெரியும். உங்கப்பா வண்டியில எல்லாமே சரியாத்தான் இருந்துச்சு. லைட்டு கூட எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சுன்னு போலீஸ்காரர் சொன்னார்.

இப்போ அந்த ஆஸ்பத்திரி வராண்டா. இதை எழுதறதுக்குத்தான் இத்தனை பக்கம் சுத்தி வந்தேன். நீ அந்த வாக்கியத்தைச் சொன்னப்போ நான் ஏன் பேசலைன்னு உனக்குத் தெரியாது. உள்ள கட்டின புருஷன் துணி போத்திக் கிடக்கார். நீ வந்து, சத்தம் இல்லாட்டி அப்பா என் கூடவே வந்திருப்பார்ங்கறே. அந்த நிமிஷம் என் மனசுல என்ன ஓடுச்சு தெரியுமா? கூடவே வந்திருந்தா உள்ள ரெண்டு பேர் இல்ல படுத்திருப்பீங்கன்னு ஓடுச்சு. கடவுளே, அந்த வண்டி சத்தம் போட்டுச்சேன்னு நன்றி சொன்னேன்டா. அவர் உடம்பு சூடு ஆறலை, நான் அங்க உக்காந்துக்கிட்டு நீ மிச்சம்னு கும்பிட்டேன். அந்த வெக்கத்துலதான் உன் மூஞ்சியைப் பாக்க முடியலை. வாயைத் திறந்தா அது வெளிய வந்துடும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ அதைத் தப்பா வாங்கிக்கிட்டு இத்தனை நாளா சுமந்துக்கிட்டு இருக்கே. உன் வண்டிச் சத்தம் உங்கப்பாவைக் கொல்லலை. தூங்கினவன் கொன்னான். அந்தச் சத்தம் உன்னை எனக்கு விட்டு வச்சுது. விட்டு வச்சதை நான் கொண்டு போய் ஒரு பொய்ச் சாஸ்திரத்துல பூட்டிட்டேன்.

கடைக்காரத் தம்பிகிட்ட நீல வண்டியை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன், உன் பேர் குடுத்திருக்கேன். இந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாருக்கும் தர மாட்டான். சொல்லிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தவ, மனசு கேக்காம திரும்பி நடந்தேன், வேண்டாம், எவனுக்காவது வித்துடுன்னு சொல்லிடலாம்னு. கண்ணாடி வழியா பாத்தா அந்தத் தம்பி அதைத் தனியா ஓரமா நிறுத்தி, ஒரு துண்டு பேப்பர்ல சரவணன்னு எழுதி சீட்ல ஒட்டிக்கிட்டு இருந்தான். உன் பேரை வேற ஒருத்தர் எழுதி நான் பாத்து எவ்வளவு நாள் ஆச்சு. உள்ள போகலை, வந்துட்டேன்.

போய் அதுல ஏறி உக்காந்து பாரு, உசரம் சரியா இருக்கான்னு அவன் பாத்துத் தருவான். நல்லது நடக்கும்னு நான் சொல்ல மாட்டேன், அந்த நம்பிக்கையெல்லாம் உங்கப்பாவோட போச்சு. நீ ரோட்டுல இருந்தா எனக்கு ஒவ்வொரு காலையும் பயம். நீ அந்த ரூம்ல இருந்தா ஒவ்வொரு காலையும் எழவு. ரெண்டுல எது வேணும்னு என்னையே கேட்டுப் பாத்துட்டேன். பயமே இருக்கட்டும், நீ வெளிய வா.

அம்மா